ஒரு கண்ணாடியும் முப்பத்தொரு பிள்ளைகளும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

காலத்திற்கேற்ற பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுப் பொறுப்பாசிரியர் கேட்டபொழுது, "செயற்கை நுண்ணறிவும் மெய்நிகர்க் காட்சியும் பள்ளிக் கல்வியில்" என்று தாளின் உச்சியில் எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்மைகள் நான்கு, தீமைகள் மூன்று என்று அடுக்கிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். அப்படி எழுத எனக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பைப் பார்க்கும்பொழுதெல்லாம் ஒரு பள்ளிச் சிறுவனின் முகமும், என்னோடு படித்த ஒரு நண்பனின் முகமும் கண்முன் வந்து நின்றன. ஆகவே தலைப்பை அடித்துவிட்டு, நடந்ததையே எழுதுகிறேன். இதில் என் மீது நானே சாற்றிக்கொள்ளும் குற்றமும் ஒன்று உண்டு. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2011-ஆம் ஆண்டு, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். அப்பொழுது அங்கே பெஞ்சு இல்லை, பாய்தான். சுவரைச் சுற்றிலும் எங்கள் உயரத்திற்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம் உண்டு. சுவரில் ஓர் ஏணி வரைந்து தொங்கும். படிக்கு ஒரு படம். படத்திற்கேற்ற அட்டையை எடுத்துவந்து உட்கார வேண்டும். ஆசிரியர் துணையோடு படிப்போர் ஒரு வட்டம், தோழர் துணையோடு படிப்போர் ஒரு வட்டம், தாமே படிப்போர் ஒரு வட்டம். செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் தமிழகம் முழுவதும் பரவிய முறை அது என்பதெல்லாம் பின்னாளில் அறிந்த செய்தி. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கடன் வாங்கிக் கழித்தலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மூன்றாம் வகுப்பு அக்கா ஒருத்தி என்பதும், அவள் புளியங்கொட்டையை வைத்துச் சொன்னாள் என்பதுந்தான். "பிள்ளைகள் பாயில் உருண்டுகொண்டிருக்கின்றன, வாத்தியார் பாடமே நடத்துவதில்லை" என்று என் பாட்டனார் பள்ளிக்கே வந்து சண்டையிட்டார். அவர் படித்த காலத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான், பிரம்பும் இருந்தது.

அந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு கதை உண்டு. கட்டுரைக்குப் புறம்பென்றாலும் சொல்லிவிடுகிறேன். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவதையும் பார்த்து வியந்து, அதையே தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுதும் பரவியது. கூடிக் கற்றல் ஏதோ நேற்று மேனாட்டிலிருந்து இறக்குமதியானது போலப் பேசுவோருக்காக இதைச் சொன்னேன். சட்டாம்பிள்ளையின் பிரம்படி பட்டவர்கள் அதை எப்படி நினைவு கூர்ந்தார்கள் என்பது வேறு செய்தி.

இனி என் குற்றத்திற்கு வருகிறேன். நாங்கள் நால்வர். கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டு முழுவதும் வேப்பமரத்தடியில்தான் படிப்பு. நால்வரில் ஒருவனுக்கு ஆங்கிலம் ஒத்துவராது. பாட நூலை நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிடா, அதை இப்படித் திருப்பி வைத்தால் என்ன ஆகும்?" என்பான். எரிச்சலாக இருக்கும். நூலில் அது இராது. ஆனால் அவனுக்கு விடை சொல்லத் தேடியதில்தான் எனக்கு இயற்பியல் கொஞ்சம் புரிந்தது என்பதை அப்பொழுது நான் உணரவில்லை.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் இறுதியில். எங்கள் வேப்பமரத்தடிக்கு அது வந்து சேர 2024 ஆயிற்று. இரண்டாம் ஆண்டில் ஒளியின் தளவிளைவு பற்றி நால்வரும் சேர்ந்து கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க வேண்டும். பகுதி பிரித்தோம். பிரித்த அன்றே ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஏனென்றால் கைப்பேசியில் கேட்டால் பகுதி முழுவதும் வந்து விழுகிறது, தமிழிலேயே வருகிறது. ஆங்கிலம் வராத நண்பனுக்கு இனி நான் தேவையில்லை. எனக்கும் அவன் கேள்விகள் தேவையில்லை. மூன்று வாரம் மரத்தடியில் நாங்கள் கூடவே இல்லை. எவ்வளவு நேரம் மிச்சம் என்று மகிழ்ந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கருத்தரங்கில் நால்வரும் தடையின்றி வாசித்தோம். பேராசிரியர் முழுதும் கேட்டுவிட்டு, "நான்கு பேரும் ஒரே குரலில் பேசுகிறீர்களே!" என்றார். பாராட்டு என்று எண்ணிச் சிரித்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஒளியைத் தடுக்குமாறு குறுக்காக வைத்த இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவில் மூன்றாவது தகடு ஒன்றைச் சாய்வாகச் செருகினால், ஒளி வருமா வராதா? இரண்டே தடுக்கும்பொழுது மூன்றாவது வந்தால் இன்னும் தடுக்கத்தானே செய்யும் என்று மூவர் தலையாட்டினோம். ஒளி வரும் என்பதே விடை. நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பார்த்தால் கண்முன்னே வெளிச்சம் திரும்பி வரும். அந்தக் கேள்வி வேறு யாருடைய கேள்வியும் அன்று, "இப்படித் திருப்பி வைத்தால்?" என்னும் எங்கள் நண்பனின் கேள்வியேதான். அவன் மட்டும் தலையாட்டாமல் குனிந்து நின்றான். மரத்தடியில் கூடியிருந்தால் அதை அவன் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பான்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவன் கல்லூரியை விட்டுப் போனான். தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. நாகர்கோவிலில் மாமா கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கருவியால் போனான் என்று நான் சொல்லவில்லை. வீட்டு நிலைமைதான் காரணம். ஆனால் அவன் தந்தை மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்ததே எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட பிறகு அலுவலக உதவியாளர் சொல்லித்தான் தெரியும். அதன்பின் அவனுக்குத் தொலைபேச எனக்கு முகமில்லை.

இரண்டு மாதம் சென்றது. 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் ஏழு நாள் நடந்தது. சாலை ஓரம் செப்பனிடல், மரக்கன்று நடல், மருத்துவ முகாம் ஆகியவை வழக்கம்போல். பிற்பகலில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் காட்டுவது இயற்பியல் மாணவர் பொறுப்பு. கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் இரவலாகத் தந்த மெய்நிகர்க் கண்ணாடி ஒன்று எங்களிடம் இருந்தது. ஒன்றே ஒன்று. வகுப்பில் பிள்ளைகள் முப்பத்தொருவர்.

திருவிழாக்களில் பயாஸ்கோப்புப் பெட்டிக்காரர் வருவார் என்று என் தாயார் சொல்வார்கள். துளையில் கண்ணை வைத்தால் தாஜ்மகால் தெரியுமாம். இக்கண்ணாடியும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழம் காண்கிறது என்பதை, 1838-இல் இங்கிலாந்தின் வீட்ஸ்டன் கண்ணாடிகளை வைத்து மெய்ப்பித்தார். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து கணிப்பொறி வரைந்த படங்களைத் தலையில் மாட்டிய கருவியில் காட்டினார். பாரம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2014-இல் வெறும் அட்டைப் பெட்டியும் இரண்டு லென்சும் கைப்பேசியும் போதும் என்று கூகுள் நிறுவனம் காட்டியது. தலை திரும்பினால் படமும் திரும்பும். அதுதான் பயாஸ்கோப்பிலிருந்து இதற்குள்ள வேறுபாடு.

முதல் நாள் படுதோல்வி. வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் நிலவையும் கோள்களையும் காட்டினோம். முப்பத்தொருவருக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல். பார்த்தவர் "ஆகா" என்றார், பார்க்காதவர் அடித்துக்கொண்டார், ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றல் வந்து வாந்தி எடுத்துவிட்டாள். கண் நகர்வதாகச் சொல்கிறது, உட்செவி நிற்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் மயக்கம் அது. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று இத்தகைய கருவி செய்வோரே பலர் வயது வரம்பு குறிப்பதுண்டு. மாலையில் அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை அமைதியாகக் கேட்டார்கள்: "போட்டுக்கொண்டவன் பார்த்தான். மற்ற முப்பது பேரும் அந்த நேரத்தில் என்ன கற்றார்கள் தம்பி?"

அன்றிரவு அதைப் பற்றியே பேச்சு. வரலாற்றுத் துறைத் தோழர் ஒருவர் தாம் படித்த ஒன்றைச் சொன்னார். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபொழுது வகுப்பறை பகைக்களமாயிற்றாம். எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் பேராசிரியர் ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவன் சொன்னால்தான் முழுப்பாடமும் கிடைக்கும்; ஆகவே அவன் திக்கினாலும் பொறுமையோடு கேட்டாக வேண்டும். சிதறிய படத்துண்டுகளைச் சேர்ப்பதுபோல. எனக்குச் சுருக்கென்றது. நாங்களும் பகுதி பிரித்தோம். ஆனால் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாதபடி பிரித்தோம்.

மறுநாள் கண்ணாடி ஒன்றே என்பதைக் குறையாகக் கருதாமல் விதியாக்கினோம். நால்வர் ஐவராகக் குழு. ஒருவர் கண்ணாடி அணிந்து பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் கேள்வி கேட்டுத் தாளில் வரைய வேண்டும். முறை வந்து தாம் பார்க்கும்பொழுது, வரைந்தது சரியா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். காத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு கேள்வி: நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது?

வகுப்பு சந்தைக்கடையாயிற்று. ஆனால் நல்ல சந்தைக்கடை. கண்ணாடிக்குள் விண்வெளியிலிருந்து நிலவைப் பார்த்த பையன், "எந்நேரமும் பாதி வெளிச்சமாத்தான் கீது" என்கிறான், வரைகிறவள், "அப்ப அமாவாசைக்கு எங்க போச்சு?" என்று மடக்குகிறாள். "பூமி நிழல் விழுது" என்றது ஒரு குழு. பாதி வகுப்பு அதற்குக் கைதட்டியது. அப்பொழுது, விடுமுறை நாளில் ஆடு மேய்க்கும் ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "நேத்து சாயங்காலம் நிலாவும் தெரிஞ்சுது, சூரியனும் தெரிஞ்சுது. ரெண்டும் ஒரே நேரம் மேல இருந்தா பூமி எப்டி நடுவுல வரும்?" வகுப்பு அடங்கிவிட்டது. ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிளஸ் டூ முடித்தும் அந்தக் கோணத்தில் எண்ணியதில்லை.

அந்த நேரத்தில் ஒரு குழு எங்கள் கைப்பேசியை வாங்கிச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிட்டது. சரியான விடை, நான்கு பத்தி, தெளிவாக வந்தது. பையன் உரக்க வாசித்தான். வாக்குவாதம் அந்தக் கணமே செத்துப்போயிற்று. எல்லாரும் குனிந்து விடையைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். எனக்கு எங்கள் கருத்தரங்கம் நினைவு வந்தது. கைப்பேசியைப் பறித்து வைத்துவிடலாம் என்று முதலில் கை போயிற்று. ஆசிரியைதான் வேறு யோசனை சொன்னார்கள். கருவிக்கு ஒரு கட்டளை எழுதச் செய்தார்கள்: "விடை சொல்லாதே. நாங்கள் சொல்வதைக் கேட்டு ஒரே ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேள்." அது வியக்கும்படி அடங்கி நடந்தது. "அமாவாசையன்று சூரியன் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டது. பிள்ளைகள் ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சு விளக்கையும் கொண்டுவந்தார்கள். இடையிடையே கட்டளையை மறந்து முழு விடையையும் கொட்டப் பார்க்கும், "வாயை மூடு" என்று ஒருவன் தட்டச்சு செய்வான், "மன்னிக்கவும்" என்று அது பணிவோடு சொல்லும், வகுப்பே சிரிக்கும். வாத்தியாரை அப்படிச் சொல்ல யாருக்குக் கொடுத்துவைத்தது!

அடுத்து நான் செய்த பிழை. பிள்ளைகள் ஊக்கமாக இருக்கிறார்களே என்று கண்ணாடியின் இயக்கத்தை விளக்கத் தொடங்கினேன். கட்டை விரலை நீட்டச் சொல்லி, இடக்கண்ணை மூடிப் பார், வலக்கண்ணை மூடிப் பார், விரல் குதிக்கிறதா? "இரண்டு கண்ணும் இருந்தால்தான் ஆழம் தெரியும். ஒரு கண் மட்டும் என்றால் இந்தக் கண்ணாடியில் எல்லாம் தட்டைதான்" என்று முடித்தேன். முப்பது தலைகளும் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. அங்கே இருந்த பையனுக்குச் சிறு வயதில் கருவேல முள் குத்தி இடக்கண் பார்வை போயிருந்தது. அவனை நான் முதல் நாளே பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாட்டியும் விட்டிருக்கிறேன். "ஆகா" என்று அவனும் சொன்னான். அவன் பொய்தான் சொன்னான் என்பது என் விளக்கத்தால் இப்பொழுது ஊருக்கே தெரிந்துவிட்டது.

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவன் அழவில்லை. நீட்டிய கட்டை விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, அப்ப எனக்கு நிலா தட்டையாத்தான் தெரியுதா? இவங்களுக்கெல்லாம் உருண்டையாவா தெரியுது?"

கைப்பேசி மேசைமேல்தான் கிடந்தது. கேட்டிருந்தால் இருகண் பார்வையின் இயல்பை அது பத்தி பத்தியாகச் சொல்லியிருக்கும். அதில் பிழையும் இருந்திராது. ஆனால் கேள்வி அதனிடம் கேட்கப்படவில்லை. "இல்லை தம்பி, நிலா எங்கள் எல்லாருக்கும் தட்டைதான்" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மையும் அதுவே. நம் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி ஆறரை சென்டிமீட்டர் அளவு. நிலவோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில். இரு கண்ணிலும் விழும் படத்தில் அதற்கு வேறுபாடே கிடையாது. நிலவைப் பொறுத்தவரை மனிதகுலம் முழுவதும் ஒற்றைக்கண் கூட்டந்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, எதையோ சோதிப்பவன்போல் தலையை இடமும் வலமும் அசைத்தான். "தலையை ஆட்டினா எனக்கும் வெரலு குதிக்குதுண்ணா!"

ஆம், குதிக்கத்தான் செய்யும். ஒரு கண்ணே இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் இரு கண்ணின் வேலையைச் செய்யும். அதை அவனாகவே கண்டுபிடித்தான். வகுப்பு முழுதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கியது. அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் எங்கள் திட்ட அலுவலர் மருத்துவ முகாமை ஒருநாள் முன்னதாகவே நடத்தியிருப்பார்.

அன்றிரவு பள்ளித் திடலில் பிள்ளைகள் பலர் வந்துவிட்டார்கள். தைப்பூசத்திற்கு முந்திய வாரம் அது. பாதி கடந்த நிலவு உச்சியில் நின்றது. அருகிலேயே வியாழன் பளிச்சென்று. எதிரே மலை. அதன் மேல்தான் காவலூர் வானாய்வுக்கூடம். 1977 மார்ச்சு 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபொழுது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று பதிவு செய்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியும் அங்கே இயங்குகிறது. அவ்வளவு அருகில் இருந்தும் அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் அதனுள்ளே போனதில்லை.

பையன் விடவில்லை. "விரலுக்குத் தலையை ஆட்டினேன். நிலா குதிக்க எவ்ளோ தூரம் ஆட்டணும்?" என்றான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்றேன். "அப்ப இங்க பாத்துட்டு, பஸ்ஸு ஏறிக் கன்னியாகுமரி போய்ப் பாக்கட்டா?" பஸ் போய்ச்சேர்வதற்குள் நிலவு இருந்த இடத்தில் இராது, விண்மீன்களுக்கிடையே மணிக்குத் தன் விட்டத்தளவு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடு மேய்க்கும் அந்தப் பெண் சொன்னாள்: "அப்ப அங்க வேற ஒரு ஆளு வேணும். ஒரே நேரம் ரெண்டு பேரும் பாக்கணும்."

இதே முடிவுக்கு வந்துதான் 1750-இல் பிரெஞ்சு வானியலார் லாகாய் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார். இளைஞர் லலாந்து பெர்லின் போனார். இருவரும் நிலவை நோக்கி, நிலவின் தொலைவைக் கணித்தார்கள். எங்களுக்கோ கைப்பேசிப் படம் போதும். வியாழனை அடையாளமாக வைத்து, ஒரே மணித்துளியில் இரண்டு ஊரிலிருந்து எடுத்தால், ஐந்நூறு கிலோமீட்டர் இடைவெளிக்கு நிலவு ஏறத்தாழத் தன் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு விலகித் தெரிய வேண்டும்.

அடுத்த முறை நிலவு வியாழனை நெருங்குவது என்றைக்கு? கருவியைக் கேட்டோம், உடனே ஒரு தேதி தந்தது. ஒரு பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "குரு ரோகிணியிலே நிக்கிறாரு. சந்திரன் ரோகிணிக்கு வர்ற நாளைப் பாரு" என்று பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். இரண்டுக்கும் ஒரு நாள் வேறுபாடு. பிள்ளைகள் இரு கட்சியானார்கள். வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் பார்த்தோம், பஞ்சாங்கம் சரி. "அப்படியானால் பஞ்சாங்கத்திலுள்ள பலனும் சரிதானே?" என்று பெரியவர் கேட்டதற்கு நாங்கள் விடை சொல்லாமல் நழுவிவிட்டோம்.

இனி, தெற்கே ஓர் ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாகர்கோவிலில் ஒருவனைத் தெரியும். முகாம் முடியும்வரை தள்ளிப்போட்டேன். ஏழாம் நாள் அந்த ஒற்றைக்கண் தம்பி மூட்டை கட்டும் இடத்திற்கே வந்து, "அந்த ஆளு கெடைச்சாராண்ணா?" என்றான். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி தொலைபேசினேன்.

அவன் எடுத்தான். கடையில் கூட்டம் போலும், இரைச்சல். நலம் கேட்டேன், தந்தை தேறி வருகிறார் என்றான். மூன்று மாதம் படுத்திருந்தாரே, எனக்குத் தெரியாமற் போயிற்றே என்று சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நிலவைச் சொன்னேன், வியாழனைச் சொன்னேன், கட்டை விரலைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிடா. இரண்டு பேரும் கைப்பேசியை வேறு வேறு சாய்வில் பிடித்துவிட்டால் என்ன ஆகும்?" என்றான்.

மார்ச்சில் குறித்த இரவு இரு ஊரிலும் வானம் தெளிவாக இருந்தது. அன்று மாலை நான் மலையடிவாரப் பள்ளிக்கே போயிருந்தேன். படங்களைச் சட்டத்தாளில் ஒற்றிப் பிள்ளைகளே அளந்தார்கள். கணக்கிட்டதில் கிடைத்த தொலைவு ஏறத்தாழ 2,90,000 கிலோமீட்டர். உண்மைக்கு மிகவும் குறைவு. நிலவின் விளிம்பு படத்தில் பூத்துப் பெரிதாகிவிட்டது ஒரு காரணம். நண்பன் கை நடுங்கியது ஒரு காரணம் என்று அவனே சொன்னான். தம்பி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிழை தங்கள் பக்கத்ததுதான், மணித்துளி பிந்திவிட்டது என்று வாதாடினான். நண்பனின் கைப்பேசிக்குக் குரற்செய்தியாக அதை அனுப்பவும் செய்தான். அரை மணி நேரம் இருவரும், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், மாறி மாறிக் குரலனுப்பித் தர்க்கித்துக்கொண்டார்கள். நான் நடுவில் தேவைப்படவில்லை.

இரவு பத்து மணிக்குக் கடை அடைத்துவிட்டு நண்பன் எனக்குத் தொலைபேசினான். எழுதாமல் விட்ட தாள்களை எழுத முடியுமா, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், அடுத்த ரோகிணி என்றைக்கு?" என்றான்.